களைக்காத டிரம்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பீ ஜீஸ் இசைக்குழுவின் ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தது பேர்னார்ட் லூப் என்கிறார்கள். யார் அவர்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை. 1977இல் பீ ஜீஸின் பாரி, ராபின், மொரிஸ் கிப் சகோதரர்கள் பாரிஸுக்கு அருகே ஷாத்தோ டெருவில் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்தபோது, அவர்களின் டிரம்மர் டெனிஸ் பிரையன் குடும்பத் துயரம் ஒன்றுக்காக ஊருக்குப் போய்விட்டார். தயாரிப்பாளர் ஆல்பி கலூட்டனும் பொறியாளர் கார்ல் றிச்சர்ட்சனும், ஏற்கெனவே பதிவான ‘நைட் ஃபீவர்’ பாட்டில் பிரையன் வாசித்த ஒரு துண்டை வேறு டேப்பில் பிரதி எடுத்து, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கினார்கள். டேப் நீளமாகத் தொங்குமே! மைக் ஸ்டாண்டில் சுற்றி, தொய்யாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தைத் தொங்கவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 103 தாளத்தட்டு என்ற வேகத்தில் 8 தட்டுக்கு 4.66 விநாடி, செக்கனுக்கு 30 அங்குலம் ஓடும் டேப்பில் அது ஏறக்குறைய 140 அங்குலம், பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒட்டு அரை அங்குலம் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும்.

‘லூப்’ என்றால் வளையம். புகழ்பெற்ற டிரம்மர் பேர்னார்ட் பேர்டியின் பெயரோடு அதை முடிச்சுப் போட்ட குறும்புதான் அந்தப் பெயர். ஆளைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. அதே வளையம் ‘மோர் தன் எ வுமன்’ பாட்டிலும் சுழல்கிறது.

கேள்வி: கல்யாண ஹோல்களில் இதை வாசிக்கும்போது எங்கள் குழு தாளத்தை மீறி வேகமாக ஓடிவிடுகிறது. ஏன்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: டிஸ்கோ என்றதும் கீபோர்டில் 120ஐத் தட்டுகிறீர்கள், பிழை அங்கேதான். இது நடைவேகப் பாட்டு, 103. 120க்குப் போனால் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மெட்ரோனோமை (தாளவேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியை) டிரம்மரின் காதுக்கு மட்டும் கொடுங்கள். ஸ்பீக்கரில் விட்டால் மைக்குகள் இழுத்துக்கொள்ளும். சபை கைதட்டத் தொடங்கும் இடத்தில்தான் வேகம் கூடும். அங்கே டிரம்மர் ரோல் (படபடவென்ற அடுக்குத் தட்டு) போடாமல் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரையும் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) மட்டும் பிடித்திருக்கட்டும். மூலச் சுருதி எஃப் மைனர். பாடகருக்குக் கள்ளக்குரல் (இயல்புக் குரலுக்கு மேலான மெல்லிய உச்சக் குரல்) வராவிட்டால் மூன்று அரைச்சுரம் இறக்கி டி மைனரில் வையுங்கள். கிட்டாருக்கும் கை வசம்.

கேள்வி: இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்த இந்தப் பாட்டு உதவுமா? (தெமட்டகொடை வாசகர்)

பதில்: உதவும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். முதலில் 1990க்கு (இலங்கையின் அம்புலன்ஸ் சேவைக்கு) அழையுங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். ஆனால் பாட்டின் 103 கீழெல்லையை ஒட்டியது; கை களைத்து சற்றே இழுத்தால் 100க்குக் கீழே போய்விடும். ஆகவே பாட்டை வாய்விட்டுப் பாடி மூச்சை வீணாக்காமல் மனதுக்குள் ஓட்டுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். டேப் வளையம் களைக்காது. மனிதக் கை களைக்கும்.