நேரோபோட்டுல காத்து விசில்: கேட்டவங்களுக்கெல்லாம் பதில்

என் நேரோபோட்டுல (கால்வாய்ல ஓடுற ஒடுக்கமான நீளப் படகு) பித்தளை ஸ்டீம் விசில ஏர் டேங்க்ல ஊத வைக்கிறேன்னு சொன்னாலும் சொன்னேன், கேள்வியா வந்து குவியுது. இங்கிலாந்து கால்வாய்ல படகு வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன். தெரிஞ்சதுக்கு விரிவா, மத்ததுக்கு ஒரு வரி.

கால்வாய்க்காரன்: அண்ணே, டயருக்கு காத்தடிக்கிற 12 வோல்ட் கம்ப்ரசர் வச்சிருக்கேன், நேரா விசில்ல மாட்டிடலாமா?

மாட்டலாம் தம்பி, ஆனா ஊதாது. நானும் முதல்ல அதைத்தான் பண்ணேன், கெழவன் பெருமூச்சு விடுற மாதிரி ஒரு 'ஹூஸ்'னு வந்துச்சு, அவ்ளோதான். கணக்கப் பாருங்க. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசில், அடியில காத்து வெளிய வர்றதுக்கு சுத்தி இருக்கிற கீறல் அரை மில்லிமீட்டர். 2 பார் அழுத்தத்துல அது விநாடிக்கு சுமாரா 30 லிட்டர் காத்த முழுங்கும். உங்க கம்ப்ரசர் குடுக்கிறது நிமிஷத்துக்கு 30 லிட்டர். விநாடி எங்க, நிமிஷம் எங்க! அதனால கம்ப்ரசர் டேங்க ரொப்பணும், டேங்க்தான் விசில ஊதணும். 25 லிட்டர் டேங்க 8 பார் வரைக்கும் ரொப்பி 2 பார் வரைக்கும் இறக்குனா 150 லிட்டர் காத்து கிடைக்கும், அதாவது 5 விநாடி, ஒரே ஒரு நீள ஊதல். மறுபடி ரொம்ப 5 நிமிஷம் ஆகும். ஆசை தீர ஊதணும்னா டேங்க பெருசாக்குங்க, இல்ல விசில சின்னதாக்குங்க, வேற வழியில்ல.

மிதவை: டேங்க் பெருசுதான் சார், 8 பார் இருக்கு, ஆனாலும் சத்தம் சோப்ளாங்கியா வருது.

டேங்க்லேர்ந்து விசில் வரைக்கும் என்ன குழாய் போட்டிருக்கீங்க? 6 மில்லிமீட்டர் நைலான் டியூப்னா அங்கதான் சிக்கல். அரை இஞ்சுக்கு குறைஞ்ச குழாய் வேலைக்கு ஆகாது, முக்கால் இஞ்சு இன்னும் நல்லது. நடுவுல இருக்கிற வால்வும், ரெகுலேட்டரும்கூட அதே அளவு வாய் தொறந்திருக்கணும், வாஷிங் மெஷின் சோலினாய்டு (கரன்ட்ல தொறக்கிற குட்டி வால்வு) எல்லாம் ஆகாது. டேங்க விசிலுக்குப் பக்கத்துலயே முன்பக்கம் வச்சிட்டு, பின்னாடி நீங்க நிக்கிற இடத்துக்கு சுவிட்ச் ஒயர் மட்டும் இழுங்க. 17 மீட்டருக்கு காத்துக் குழாய் இழுக்கிறவன் பாவம்.

புதுசு: செலவு கம்மியா பிவிசி குழாய்ல டேங்க் செஞ்சுக்கலாமா?

கூடாது. பிவிசி காத்தழுத்தத்துல வெடிச்சா கிழியாது, சில்லு சில்லா தெறிக்கும். பழைய கேஸ் சிலிண்டர், தீயணைப்பான் உருளை, அதுவும் கூடாது. காத்துக்குன்னே செஞ்ச டேங்க், சேஃப்டி வால்வு, அடியில தண்ணி வடிக்க ஒரு குழாய். வாரம் ஒருதடவை தண்ணிய வடிங்க, இல்லன்னா உள்ள துரு பிடிக்கும்.

சீட்டி: எனக்கு கீச்சுன்னு வேற சுருதியில அலறுது?

அழுத்தம் ஜாஸ்தி, இல்ல மணிக்கும் (கீறலுக்கு மேல கவுந்து நிக்கிற பித்தளைக் குழாய்) கீறலுக்கும் நடுவுல இருக்கிற வாய், அதாவது இடைவெளி, பத்தல. நட்டத் தளர்த்திட்டு மேல இருக்கிற மணிய அரை அரை சுத்தா இறக்கி ஏத்திப் பாருங்க. கம்மி அழுத்தத்துக்கு வாய் சின்னதா இருக்கணும், ஜாஸ்திக்குப் பெருசா. இன்னொண்ணு, மணியோட உதடு கீறலுக்கு நேர் மேல வரணும், ஒரு பக்கம் சாஞ்சிருந்தா பாதி காத்து வெளிய போயிரும். எனக்கு இது பிடிபட ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு, கரையில இருந்த வாத்தெல்லாம் வேற இடம் பாத்துப் போயிருச்சு.

ரெண்டாவது புதுசு: டயர் கம்ப்ரசர் போதுமா?

மேல பாருங்க.

தண்ணிப்பூனை: கூடவே கேஸ் அடுப்பு லைனும் மாத்தணும், சொல்லித் தாங்க அண்ணா.

அது நம்ம வேலையில்ல. கேஸ் சேஃப் (இங்கிலாந்துல கேஸ் வேலைக்காரங்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவரக் கூப்பிடுங்க.

பழைய லோகோ: தப்பா நினைக்காதீங்க, காத்துல ஊதுனா அது விசிலே இல்ல, பீப்பி. ஸ்டீம்ல ஊதுனாத்தான் விசில்.

ஐயா, பாதி உண்மை. 100 டிகிரி ஆவியில ஒலி விநாடிக்கு 470 மீட்டர் சுமாருக்குப் போகும், சாதாரண காத்துல 343 தான். அதனால அதே மணி காத்துல அஞ்சாறு அரைச்சுரம் (செமிடோன்) கீழ பாடும். பழைய சுருதி வேணும்னா மணிய கால்வாசிக்கு மேல குட்டையாக்கணும். இதுக்காக பீப்பின்னு சொல்றது ஓவர்.

பழைய லோகோ: சுருதிய விடுங்க. ஸ்டீம் விசில் முதல்ல தண்ணியத் துப்பும், கீழ ஆரம்பிச்சு மணிக்குள்ள ஆவி நிறைய நிறைய மேல ஏறும், அந்த ஏத்தம்தான் உயிர். உங்களது பட்டுனு வந்து பட்டுனு நிக்குது.

அத ஒத்துக்கிறேன். அந்த ஏத்தம் காத்துல வராது. ஆனா 1909-ல கட்டின 'பிரசிடென்ட்' மாதிரி ஸ்டீம் நேரோபோட் வச்சிருந்தா நான் ஏன் கம்ப்ரசர் தேடப் போறேன்? டீசல் இன்ஜின்ல பாய்லருக்கு எங்க போக?

வண்டுமுருகன்: ரெண்டு பேரும் நிறுத்துங்க, ஸ்பீக்கர்ல ரெக்கார்டிங் போட்டா ரெண்டுமே வரும்ல?

இவரக் கேட்டீங்களா லோகோ ஐயா? இதுல மட்டும் நாம ஒரே கட்சி.

பழைய லோகோ: ஆமா. அதுக்கு பீப்பியே தேவலை.

அம்மணி: டன்னலுக்கு இது போதுமா? என் வீட்டுக்காரர் பழைய எலக்ட்ரிக் ஹார்ன கழட்டிட்டார்.

திரும்ப மாட்டச் சொல்லுங்கம்மா. ஹேர்காசில் டன்னல்ல ஹார்ன் வேலை செய்யுதான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க. பிரான்ஸ்டன் டன்னல் 2,042 கெஜம், எதிர்ல படகு வரும், நுழையும்போது ஒரு நீள ஊதல் குடுக்கணும், அந்த நேரம் பாத்து டேங்க் காலியா இருந்தா என்ன பண்ணுவீங்க? விசில் ஆசைக்கு, ஹார்ன் அவசரத்துக்கு. வலது பக்கம் திரும்ப ஒண்ணு, இடதுக்கு ரெண்டு, நிறுத்தவோ பின்னால போகவோ மூணு குட்டை ஊதல், இதையெல்லாம் விசில்ல பண்ணா மூணாவதுக்குள்ள காத்து இளைச்சுப் போகும். விசில மடக்குற மாதிரி மாட்டுங்க, வளைவுப் பாலத்தோட ஓரம் தாழ்வா இருக்கும், கழுத்து போயிரும். காதடைப்பான் மறக்காதீங்க. பிவிசி வேண்டாம்.

மூணாவது புதுசு: சார் டயர் கம்ப்ரசர்...

ஊதாது.

பழைய லோகோ: சரி, நேர்ல கேட்டுட்டு முடிவு பண்றேன். ஞாயித்துக்கிழமை காலையில வரட்டுமா?

வாங்க ஐயா. 8 மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி இன்ஜினே போடக்கூடாதுன்னு விதி இருக்கு, பக்கத்துப் படகுல தூங்குறவங்க விசிலக் கேட்டா என்னைத் தண்ணியில தள்ளிடுவாங்க. வரும்போது காதடைப்பான் கொண்டாங்க.