பொம்மைக் கிச்சன் வாங்கப் போறீங்களா? கபோர்டு அண்ணாச்சிகிட்ட கேளுங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல 17 வருஷமா வீடு வீடாப் போய் கிச்சன் கபோர்டு மாட்டுறதுதான் நம்ம பொழப்பு. மிஞ்சுற பலகையில பிள்ளைகளுக்குப் பொம்மைக் கிச்சனும் அடிச்சுக் கொடுப்பேன், இதுவரைக்கும் நாப்பது அம்பது போயிருக்கும். தீபாவளி கிட்ட வந்துட்டா ஆளாளுக்குத் தனித்தனியா மெசேஜ் போட்டு ஒரே கேள்விய கேக்குறீங்க, அதான் இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே இடத்துல. முன்னாடியே ஒண்ணு சொல்லிர்றேன், எதை வாங்கினாலும் சுவத்தோட சேத்து ஸ்க்ரூ போடணும். இத இன்னும் பத்து தடவ சொல்லுவேன், சலிச்சுக்காதீங்க.

மிட்ராண்ட் அம்மா: அண்ணாச்சி, பொண்ணுக்கு அடுத்த மாசம் 2 வயசு. எந்த உயரத்துல வாங்கணும்? கொஞ்சம் பெருசாவே வாங்கிட்டா ரொம்ப நாள் வரும்ல?

சட்டை மாதிரி பெருசா எடுத்து மடிச்சு விட முடியாதும்மா இது. பெரியவங்க கிச்சன்ல மேடைய நாங்க 90 செ.மீ.ல வைக்கிறோம், ஏன்னா நிக்கும்போது முழங்கைக்கு கொஞ்சம் கீழ மேடை இருந்தாத்தான் தோளத் தூக்காம வேலை பாக்க முடியும். பிள்ளைக்கும் அதே கணக்குதான். 2 வயசுல சராசரியா 86 செ.மீ. இருப்பா, முழங்கை சுமாரா 50-ல வரும், அப்ப மேடை 45-ல இருந்தா சரி. ஆனா சராசரிய நம்பாதீங்க, பிள்ளைய செருப்பில்லாம நிக்க வச்சு கைய மடக்கச் சொல்லி டேப்பால அளந்துக்கோங்க. விளம்பரத்துல 1 மீட்டர் உயரம்னு போட்டிருப்பான், அது மேல் ஷெல்ஃபோட உச்சி வரைக்கும், மேடை எவ்வளவுன்னு தனியா தேடிப் பாக்கணும், நிறைய பேரு ஏமாறுறது இங்கதான். அடுத்த ஒரு வருஷத்துல எட்டு ஒம்போது செ.மீ. வளந்துருவா, அதனால கால ஏத்தி இறக்குற மாதிரி இருந்தா நல்லது. ஐக்கியாவோட டுக்டிக் கிச்சன்ல கால மூணு உயரத்துல மாட்டலாம், ஆனா அவங்க கடை இந்த நாட்டுல இல்ல, அதுவும் 3 வயசுக்கு மேலன்னுதான் போட்டிருக்கு. நான் அடிச்சா முதல்ல 45-ல வச்சுட்டு அடுத்த வருஷம் அடியில 5 செ.மீ. கட்டை கொடுத்துருவேன், வேலை முடிஞ்சுது.

இன்னொண்ணு, பொம்மை ஓவன் கதவு. கீழ்ப்பக்கமா திறக்குற கதவுன்னா பிள்ளைக்கு அது படிக்கட்டு. அதுல ஏறி நின்னு மேல் ஷெல்ஃபப் புடிச்சான்னா மொத்தமும் அவன் மேலதான் சாயும். சுவத்துல ஸ்க்ரூ.

சென்சூரியன் அப்பா: மரமா பிளாஸ்டிக்கா அண்ணாச்சி?

உங்க ஊரு வறண்ட காத்துக்கு எதுவும் ஓடும். எங்க டர்பன் பக்கம்தான் பாடு. இங்க கடையில மரம்னு விக்கிறதுல பாதி சூப்பாவுட், அதாவது மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகை, பெயிண்ட் மூடியிருக்குற வரைக்கும் ராஜா மாதிரி இருக்கும், பிள்ளை சிங்க்ல நிஜத் தண்ணி ஊத்துற அன்னைக்கு ஓரம் ஊதி இட்லி மாதிரி ஆயிரும். வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்தையும் வெட்டு ஓரத்தையும் பாருங்க, பெயிண்ட் படாம பச்சையா விட்டிருந்தா வேண்டாம். பைன் பலகைன்னா தாங்கும். பிளாஸ்டிக் கழுவ லேசு, ஆனா வெயிட் இல்லாததால சட்டுன்னு சாயும், வெயில்ல கிடந்தா வெளுத்து உடையும். கடல் காத்து அடிக்கிற வீட்டுல சாதாரண கீல் ஒரே வருஷத்துல துருப்புடிச்சிரும், ஸ்டெயின்லெஸ் கீல் போடச் சொல்லுங்க.

வெஸ்ட்வில் தங்கச்சி: வீட்டுக்குள்ள இடமில்ல, வராண்டாவுல வைக்கலாமா?

குரங்குக்கு கிச்சன் வேணும்னா வைங்க. போன வருஷம் அதே வெஸ்ட்வில்ல ஒரு வீட்டுக்கு அடிச்சுக் கொடுத்தேன், மூணாம் நாளே குரங்குக் கூட்டம் வந்து பிளாஸ்டிக் வாழைப்பழத்த பூராவும் தூக்கிட்டுப் போயிருச்சு, கடிச்சுப் பாத்துட்டு ஒண்ண மட்டும் கூரை மேல விட்டுட்டுப் போச்சாம். அது போனாப் போகுது, சாப்பாடு கிடைக்கிற இடம்னு அது பழகிட்டா பிள்ளை தனியா விளையாடும்போதும் வரும், அதுதான் பயம். உள்ளயே ஒரு மூலையப் பாருங்க, 60 செ.மீ. அகலம் இருந்தாப் போதும்.

பெயர் வேண்டாம்: பையனுக்கு வாங்கலாம்னா மாமியார் ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்பு எதுக்குங்குறாங்க.

எங்க கிச்சன் டீம்ல நாலு பேரும் ஆம்பளைங்கதான். அடுத்த கேள்வி.

சான்ட்டன் அப்பா: லைட் எரியுது, கொதிக்கிற சத்தம் வருது, அந்த மாடல் நல்லதா?

ரெண்டு வாரம் நல்லது. அதுக்கப்புறம் பேட்டரி தீரும், நீங்களும் மாத்த மாட்டீங்க, அவன் வாயாலயே 'ஸ்ஸ்'னு சத்தம் போட்டு வதக்குவான், அதுதான் ஒசத்தி. டபுள் ஏ பேட்டரி, ஸ்க்ரூ போட்ட மூடின்னா பரவாயில்ல. பொத்தான் பேட்டரி இருக்கு பாருங்க, பொம்மை டைமர், பொம்மை பிளெண்டர், பாட்டுப் பாடுற கெண்டி இதுலல்லாம் ஒளிஞ்சிருக்கும், அத வீட்டுக்குள்ளயே விடாதீங்க. முழுங்கி தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல சிக்கினா ரெண்டு மணி நேரத்துல அரிச்சு ஓட்டை போட ஆரம்பிச்சிரும், வெளிய ஒரு அறிகுறியும் இல்லாமலும் இருக்கும். முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே நேரா எமர்ஜென்சி, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயசு தாண்டின பிள்ளை, முழுங்க முடியுதுன்னா, போற வழியில பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கச் சொல்றாங்க, ஆனா தேனத் தேடிக்கிட்டு நேரத்தப் போக்காதீங்க.

பைன்டவுன் அம்மா: மரம் நல்லதா பிளாஸ்டிக் நல்லதா?

மேல சென்சூரியன்காரருக்குச் சொன்னதுதான். உங்க ஊருலயும் ஈரப்பதம் உண்டு, ஓரத்தப் பாருங்க.

பீனிக்ஸ் தம்பி: அண்ணாச்சி, ஹார்பர் பக்கம் பேலட், அதான் சரக்கு அடுக்குற மரத்தட்டு, சும்மாவே கிடைக்குது, அத வச்சு நானே செய்யலாம்னு இருக்கேன், செலவே இல்ல.

செய்யலாம், ஆனா முத்திரையப் படிக்கத் தெரியணும். கப்பல்ல போற பேலட்ல கோதுமைக் கதிர் படம் போட்ட சூடு முத்திரை ஒண்ணு இருக்கும், பக்கத்துல நாட்டு எழுத்து, கடைசியில எச்.டி. அல்லது எம்.பி. எச்.டி.ன்னா பூச்சி சாகட்டும்னு மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏத்தி அரை மணி நேரம் வச்சது, எடுக்கலாம். எம்.பி.ன்னா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அத விறகாக்கூட எரிக்காதீங்க. முத்திரையே இல்லையா, விட்டுருங்க. எச்.டி.யா இருந்தாலும் முன்னாடி அது மேல என்ன ஏத்துனாங்கன்னு யாருக்குத் தெரியும், எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருந்தா வேண்டாம். ஆணி எல்லாம் புடுங்கி, 80-ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 240 சாண்ட்பேப்பர், கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவிப் பாத்து சிலாம்பு குத்தாத வரைக்கும் தேய்க்கணும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி ஒண்ணு 5 மில்லிக்குள்ள இருக்கணும், இல்ல 12 மில்லிக்கு மேல போயிரணும், நடுவுல விட்டா பிஞ்சு விரல் உள்ள போய் நசுங்கும். ஓவன் பெட்டிக்குள்ள பிள்ளை உக்கார முடியும்னா பின்பலகையே போடாதீங்க, காத்துக்கு. தேய்க்கிற கூலிய சேத்தா செலவே இல்லங்குற பேச்சு வராது தம்பி, மூணு சனிக்கிழமை போயிரும்.

அவரே: சுவத்துல ஸ்க்ரூ போடணுமா? பேலட் நல்ல வெயிட்டாத்தான இருக்கு.

வெயிட்டா இருந்தா விழும்போதும் வெயிட்டாத்தான் விழும்.

பெனோனி அம்மா: 2 வயசு முடிஞ்சும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேச மாட்டேங்குறான். கிச்சன் வாங்கிக் கொடுத்தா பேச்சு வரும்னு சொல்றாங்க.

இது கபோர்டுக்காரன் பதில் சொல்ற விஷயம் இல்லம்மா. பிள்ளையோட ரோட் டு ஹெல்த் புத்தகத்த, அதான் தடுப்பூசி, வளர்ச்சி எல்லாம் குறிக்கிற புத்தகம், எடுத்துக்கிட்டு இந்த வாரமே கிளினிக் போங்க, காது டெஸ்ட்டும் கேளுங்க. கிச்சன் அப்புறம்.

டர்பன் நார்த் அம்மா: கூட என்னென்ன சாமான் வாங்கணும்? 60 பீஸ் செட்டு ஒண்ணு ஆஃபர்ல இருக்கு.

அறுபது எதுக்கு, உங்க வீட்டுல நீங்களே அறுபது சாமான் புழங்குறீங்களா. ஒரு சட்டி, ஒரு கரண்டி, ரெண்டு தட்டு, ஒரு டம்ளர், போதும். நிஜ எவர்சில்வர் கிண்ணம் கொடுங்க, சத்தம் வரும், அதுதான் அதுகளுக்கு வேணும். 3 வயசுக்குள்ள சின்னச் சாமான் ஆகாது, பொம்மைய சோதிக்கிறவங்க அளக்குற குழாய் 31.7 மில்லி அகலம், வீட்டுல அது இல்லன்னா டாய்லெட் பேப்பர் சுருள் அட்டை எடுத்துக்கோங்க, அதுக்குள்ள போற எதுவும் வேண்டாம். வெட்டுற காய்ல வெல்க்ரோ ஒட்டினது சரி, பிய்ஞ்சு வருதான்னு மாசம் ஒருக்கா இழுத்துப் பாருங்க, காந்தம் வச்சது வேண்டவே வேண்டாம், ரெண்டு காந்தம் உள்ள போனா குடல நடுவுல வச்சுக் கவ்விக்கும். காலி சீரியல் டப்பா, மசாலா டப்பா எல்லாம் கொடுக்கலாம். பிளீச் பாட்டில், பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊத்தின கூல்ட்ரிங் பாட்டில் கழுவிக்கூட கொடுக்காதீங்க, நாளைக்கு நிஜத்தையும் எடுத்து ஊத்துவான்.

பிரிட்டோரியா தம்பி: இதெல்லாம் எதுக்கு, நம்ம மரச் செப்பு சாமான் ஒரு செட்டு ஊருலேருந்து வரவழைச்சாப் போதாதா? கர்நாடகாவுல இருக்குற சன்னபட்னாதான அதுக்குப் பேரு போன ஊரு.

தம்பி, வம்புக்கு இழுத்துட்டீங்க. நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். சன்னபட்னா நல்ல வேலைதான், வெப்பாலை மரத்துல கடைவாங்க, நான் குறை சொல்லல. ஆனா செப்புன்னா எங்க ஊரு. மஞ்சக் கடம்ப கடைசல்ல சுத்தவிட்டு, அரக்குக் குச்சிய அழுத்திப் புடிச்சா அந்த உரசுற சூட்டுலயே அரக்கு உருகி மரத்துல ஏறும், மேல தாழை ஓலைய வச்சு ஒரு இழுப்பு, கண்ணாடி மாதிரி ஆயிரும், பிரஷ்ஷும் கிடையாது பெயிண்ட்டும் கிடையாது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, குடம், இட்லிச் சட்டி எல்லாத்தையும் ஓலைப்பெட்டியில அடுக்கித் தருவான்.

பிரிட்டோரியா தம்பி: அந்தத் தாழை ஓலை, அரக்கு எல்லாம் சன்னபட்னாலயும் அப்படியேதான அண்ணாச்சி?

ஆமா, வித்தை ஒண்ணுதான். திருகை எங்களோடது.

டொங்காட் ஆன்ட்டி: எங்க ஆயாவுக்கு பொம்மை எல்லாம் இல்ல. கரும்புத் தோட்டத்து பேரக்ஸ்ல (கூலியாளுங்க லயத்துல) சார்டின் டின்னு, மூணு கல்லு, நிஜ அரிசி ஒரு புடி, அவ்வளவுதான். கூழ் ஊத்துற மாசத்துல பிள்ளைங்களும் மண்ணுல கூழ் காச்சுமாம்.

ஆன்ட்டி சொன்னதுக்கு மேல என்ன இருக்கு. எங்க ஊருலயும் கூட்டாஞ்சோறுன்னா நிஜ அரிசிதான். டின்னு ஓரம் மட்டும் கைய வெட்டும்.

டர்பன் நார்த் அம்மா: ஒரு நிமிஷம் அண்ணாச்சி, உங்க ஊரு செப்பு அம்மிக்குழவி டாய்லெட் அட்டைக்குள்ள போகுமா போகாதா?

... போகும். குழவி மட்டுமில்ல, குடமும் போகும். சரிம்மா, புடிச்சிட்டீங்க. செப்பு 4 வயசுக்கு மேல, அதுவரைக்கும் ஷெல்ஃப் உச்சியில. எங்க அம்மா கேட்டா அடிப்பாங்க, நானெல்லாம் ஒரு வயசுலயே வாயில போட்டவன்.

பிரிட்டோரியா தம்பி: அப்ப சன்னபட்னா பெரிய சைஸ் வாங்கலாம்ல!

வாங்குங்க, வாங்குங்க. திருகை வராது அதுல.

கெம்ப்டன் பார்க் அப்பா: லேட்டா வந்துட்டேன். மரமா பிளாஸ்டிக்கா?

கல்லு. மேல போய் படிங்க சார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா: தாத்தா வீட்டு பழைய பெட்சைட் டேபிள தேய்ச்சு பெயிண்ட் அடிச்சு கிச்சன் ஆக்கலாமா?

எந்தக் காலத்து டேபிள்? இந்த நாட்டுல பெயிண்ட்ல ஈயத்துக்கு சட்டக் கட்டுப்பாடு வந்ததே 2009-லதான். அதுக்கு முந்தின பெயிண்ட்னா தேய்க்கவே தேய்க்காதீங்க, அந்தத் தூசிதான் விஷம், பிள்ளை தவழுற தரையில படியும். பெயிண்ட்டும் வார்னிஷும் படாத வெறும் மர டேபிள்னா தாராளமா செய்யலாம். சுவத்துல ஸ்க்ரூ, உங்களுக்கும்தான்.

மிட்ராண்ட் அம்மா: அண்ணாச்சி, அளந்துட்டோம், முழங்கை 49. வீட்டுக்காரர் ட்ரில்லோட நிக்கிறாரு, எந்த பிட்?

செங்கல் சுவர்தான? 6 மில்லி மேசன்ரி பிட், 6 மில்லி வால் பிளக், ரெண்டு எல் பிராக்கெட். மேல் பூச்சத் தாண்டி செங்கலுக்குள்ள போகணும், 5 செ.மீ. ஆழம், பிட்ல டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கச் சொல்லுங்க. பிளக் பாயிண்ட்டுக்கு நேர் மேலயோ நேர் கீழயோ ஓட்டை போடாம ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லுங்க, வயர் அந்த வழியாத்தான் ஓடும். பாப்பாவ அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, ஹாமர் ட்ரில் சத்தத்துக்குப் பயந்துட்டா அப்புறம் கிச்சன் பக்கமே வர மாட்டா.