அந்த 41-ஐத் தூக்கிவிடலாமா?

கேள்வி: எம்.எஸ்ஸி. ஊட்டச்சத்தியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக எட்டுப் பேருக்கு மூன்று மாதம் வைட்டமின் டி மாத்திரை கொடுத்து, முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை செய்தேன். ஒவ்வொருவருக்கும் ஏறிய அளவு, மில்லிலிட்டருக்கு நானோகிராமில்: 6, 7, 8, 9, 10, 11, 12, 41. சராசரியை வைத்துப் பார்க்கும் டி-டெஸ்ட் போடுவதா, ரேங்கை (வரிசை எண்ணை) வைத்துப் பார்க்கும் வில்காக்ஸனா? அந்த 41 இடிக்கிறது, எடுத்துவிடலாமா?

பதில்: ஏறிய அளவை மட்டும் எழுதி அனுப்பினீர்கள் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஒரே ஆளை இரண்டு முறை அளந்தால் கணக்கு அந்த வித்தியாசத்தில்தான். முன் ஒரு குழு, பின் ஒரு குழு என்று பிரித்து சாதாரண டி-டெஸ்டில் போட்டால், ஆளுக்கு ஆள் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வும் உள்ளே புகுந்து மாத்திரையின் பலனை மறைத்துவிடும். இயல்நிலைப் பரவல் (எண்கள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் அமைவது) இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வித்தியாசங்களில்தான், பலர் முன், பின் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

சரி, 41-க்கு வருவோம். எட்டு வித்தியாசங்களையும் வைத்து ஜோடி டி-டெஸ்ட் போட்டால் சராசரி 13, டி மதிப்பு 3.2 (சிதறலோடு ஒப்பிட்டால் சராசரி எவ்வளவு பெரிது என்பதே டி மதிப்பு, அது கூடினால் ஆதாரம் வலுக்கும்). 41-ஐ எடுத்துவிட்டால் சராசரி 9-ஆகக் குறைகிறது, ஆனால் டி மதிப்பு 11-க்கு எகிறுகிறது! மாத்திரைக்குச் சாதகமான எண்ணை நீக்கினால் ஆதாரம் வலுக்கிறது, ஏனென்றால் அந்த ஒற்றை எண் சராசரியைத் தூக்கியதைவிடச் சிதறலைத்தான் அதிகம் தூக்கியிருக்கிறது. அதற்காக எடுத்துவிடாதீர்கள். லேபில் கேளுங்கள், அவர் தனியாக ஊசி ஏதும் போட்டுக்கொண்டாரா என்றும் விசாரியுங்கள். தவறு என்று தெரிந்தால் மட்டும் நீக்கி, நீக்கியதையும் எழுதுங்கள்.

வில்காக்ஸனுக்கு 41 வெறும் எட்டாவது ரேங்க், அவ்வளவுதான். ஏற்றமா இறக்கமா என்று பார்த்தால் எட்டுப் பேருக்கு 256 விதம் உண்டு, எல்லோருக்கும் ஏறுவதும் எல்லோருக்கும் இறங்குவதும் அதில் இரண்டே. எட்டுப் பேருக்குமே ஏறியிருப்பதால் பி மதிப்பு (மாத்திரைக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 256-ல் 2, அதாவது சுமார் 0.008. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஐந்து பேரோடு நிறுத்தியிருந்தால் ஐவருக்கும் ஏறியிருந்தாலும் 32-ல் 2, அதாவது 0.0625. வழக்கமான எல்லையான 0.05-ஐத் தொடவே முடியாது. இதைத் தெரியாமல் ஐந்து எலியோடு ஆய்வு முடிப்பவர்கள் நிறைய.

டி-டெஸ்டும் இப்படிப்பட்ட சின்னக் கணக்குக்குப் பிறந்ததுதான். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காஸெட், 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில், மருந்தால் பத்து நோயாளிகளுக்குக் கூடிய தூக்கத்தைத்தான் உதாரணமாகப் போட்டுக் காட்டினார்.

அப்புறம், "20-க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் மேலே வந்தார்கள்" என்று ஆமாம்-இல்லை கணக்காகக் கேட்டால் அதற்கு மெக்னெமார் என்ற டெஸ்ட். அது போகட்டும், வைவாவில் உங்களை மடக்கப்போகும் கேள்வி வேறு: மாத்திரை சாப்பிடாத குழு எங்கே? மூன்று மாதத்தில் வெயில் கூடியிருந்தாலும் இதே எண்கள் வரலாம், அதை எந்த டெஸ்டும் பிரித்துச் சொல்லாது. இன்னும் அவகாசம் இருந்தால் மாத்திரைக்கு ஒரு குழு, மருந்தில்லாத போலி மாத்திரைக்கு ஒரு குழு என்று குலுக்கிப் போட்டுப் பிரித்து ஆய்வை மறுபடி செய்து, இரு குழுவிலும் ஏறிய அளவுகளை ஒப்பிடுங்கள். அங்கே ஜோடி டெஸ்ட் வேண்டாம், சாதாரண டி-டெஸ்டே போதும்.