வேலையை விட்டாயிற்று, அடுத்த அடி வைக்க முடியவில்லை: கோச் உதவுவாரா?

கேள்வி: எனக்கு வயது 43. கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆறு மாதங்களுக்கு முன் நானாகவே விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலைக்குப் போக ஆசை. ஆனால் ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. “வாழ்க்கை முடிவுகளில் துணைநிற்கும் ஒரு கோச்சிடம் போ” என்கிறாள் தங்கை. “காசை வாங்கிக்கொண்டு தன்னம்பிக்கைப் பேச்சு பேசுவார்கள்” என்கிறார் கணவர். நான் என்ன செய்ய வேண்டும் என்று கோச் சொல்லிவிடுவாரா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தோழிக்கு,

சொல்ல மாட்டார். முதல் சந்திப்பிலேயே ‘இதைச் செய்யுங்கள்’ என்று தீர்ப்புச் சொல்பவராக இருந்தால், அவரிடம் மறுபடி போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தங்கை நினைப்பது இருக்கிறது, கணவர் நினைப்பது இருக்கிறது. கற்பிக்க ஏன் ஆசை என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. நல்ல கோச் அந்த வரியில்தான் கை வைப்பார். எந்த வயதுப் பிள்ளைகள்? யாருக்காவது ஒன்றைப் புரியவைத்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது? போகாமலே இருந்துவிட்டால் எதை இழப்பீர்கள்? இப்படிக் கேட்டுவிட்டு, நீங்கள் பதில் தேடும்வரை பேசாமல் காத்திருப்பார்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களோடு பணியாற்றிய உளவியலாளர் வில்லியம் மில்லர், 1983-இல் ஒன்றை எழுதினார். ‘நீ மாற வேண்டும்’ என்று ஆலோசகர் வாதாடினால், எதிரில் இருப்பவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அடுக்கத் தொடங்குகிறார். மாற வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வந்தால்தான் அதற்கு வலு. வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்லும்போது நீங்கள் அப்படியே உறைந்து நிற்பதில் எனக்கு வியப்பில்லை.

இந்த ஆறு மாதத்தை வீண் என்றும் எண்ணாதீர்கள். வாழ்க்கை மாற்றங்களைப் பற்றி 1980-இல் எழுதிய வில்லியம் பிரிட்ஜஸ், மாற்றம் ஒரு முடிவில்தான் ஆரம்பிக்கிறது என்றார். முடிவுக்கும் புதிய தொடக்கத்துக்கும் நடுவே, பழையதும் இல்லாத புதியதும் வராத ஒரு காலம் உண்டு. 17 ஆண்டுகள் ‘கணக்குப் பிரிவு’ என்று உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டவர் நீங்கள். அந்தப் பெயர் போனதற்கு ஒரு துக்கம் இருக்கும். அதை அவசரப்படுத்தாமல் உடன் இருக்க ஒருவர் வேண்டும். உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர் என்றால் இன்னும் நல்லது.

ஆனால் பேச்சோடு முடிந்தால் அது கோச்சிங் ஆகாது. ‘விண்ணப்பிக்கப் பார்க்கிறேன்’ என்று சொல்லி நீங்கள் எழுந்துவிட கோச் விடமாட்டார். ‘செவ்வாய் காலை காபி குடித்ததும், ஆசிரியராக இருக்கும் பழைய தோழியை அழைப்பேன்’ என்ற அளவுக்குக் கொண்டுவருவார். எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முடிச்சுப் போட்ட திட்டங்கள் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த சந்திப்பில் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்பார். அழைக்கவில்லை என்றாலும் திட்ட மாட்டார். எது தடுத்தது என்று சேர்ந்து பார்ப்பார். எனக்குத் தெரிந்தவரை கோச்சிங்கின் பலன் பெரும்பாலும் இங்கேதான், இரண்டு சந்திப்புகளுக்கு நடுவிலுள்ள நாட்களில்தான்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். தூக்கம் எப்படி இருக்கிறது? முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதா? அப்படியென்றால் முதலில் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் இன்றே. கோச் அதற்கான ஆள் இல்லை. நேர்மையான கோச் தானே உங்களை அங்கே அனுப்பிவைப்பார்.

கணவரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் தன்னைக் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம், உரிமம் தேவையில்லை. அதனால் பயிற்சியைக் கேளுங்கள். 1995-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தரும் ஆரம்பநிலைச் சான்றான ஏசிசி-க்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். சான்று மட்டும் போதாது. முதல் உரையாடலில் யார் அதிகம் பேசினீர்கள் என்று கவனியுங்கள். அவர் என்றால், வேறு ஆளைத் தேடுங்கள். ‘21 நாளில் வாழ்க்கையே மாறும்’ என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். பழக்கங்கள் எப்படிப் படிகின்றன என்று ஆராய்ந்த ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் நடத்திய ஆய்வில், ஒரு சிறு பழக்கம் படியவே சராசரியாக 66 நாட்கள் ஆயின. எத்தனை சந்திப்புகள், முடிவில் எதை வைத்துப் பலனை அளப்பது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கணவரையும் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

சம்பளம் நின்றிருக்கும் நேரத்தில் கட்டணம் பாரம் என்றால், அறிவுரை சொல்லும் பழக்கமில்லாத ஒரு தோழியிடம் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கித் தரக் கேளுங்கள். அவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். கிளம்பும்முன் அடுத்த வாரத்துக்கான ஒரே ஒரு காரியத்தை நீங்கள் நாளும் நேரமும் போட்டு அவரிடம் எழுதிக் கொடுங்கள்.