வேலூர் சத்துவாச்சாரி மாடியில் ஃப்ளாக்ஸ் (Phlox) பூச்செடி விதை முளைக்கவில்லையா?

மார்ச்சில் விதைத்ததுதான் காரணம். மூன்று வாரமாகியும் ஒரு முளைகூட வரவில்லை என்கிறீர்கள். விதையைக் குறை சொல்வதற்கு முன் வெயிலைப் பாருங்கள். நம் ஊரில் வளர்க்கும் ஒருபருவ ஃப்ளாக்ஸின் சொந்த ஊர் அமெரிக்காவின் டெக்சாஸ். அங்கே அது வசந்தத்தில் பூக்கும் செடி. 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நன்றாக முளைக்கும். வேலூர் மொட்டை மாடித் தொட்டியில் மார்ச் மதியம் மண்ணைத் தொட்டாலே சுடும்.

இன்னொன்று, விதையை மேலே தூவி அப்படியே விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு இருட்டு வேண்டும். அடுத்த முறை விதைக்கும்போது அரை சென்டிமீட்டர் மண்ணால் மூடுங்கள்.

விதை நல்லதுதானா என்று பார்க்க, மீதமுள்ளதில் 10 எடுத்து ஈர டிஷ்யூவில் மடித்து, மூடிய டப்பாவில் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். பானைத் தண்ணீர் இருக்கும் இடம் சரியாக இருக்கும். இரண்டு வாரத்தில் ஐந்தாறு முளைத்தால் விதையில் குறையில்லை.

ஆனால் முளைத்தவற்றை இப்போது நடாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் கருகிவிடும், பார்க்கவே மனசு கேட்காது. மீதி விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நவம்பரில், பெருமழைக்கு நனையாத இடத்தில் நாற்று விடுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும், அதனால் மண்ணில் மணல் கலந்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் தொட்டி நிறையப் பூ பார்க்கலாம்.