பி0420 காட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உடனே மாற்ற வேண்டுமா?

பத்து ஆண்டு ஓடிய பெட்ரோல் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறுக் குறியீடு வருகிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது. புகைக்குழாயில் நச்சுப் புகையைத் தணிக்கும் கருவியான கன்வெர்ட்டரைப் புதிதாகப் போடுவதா அல்லது அதன் உள்ளிருப்பதை உடைத்து எடுத்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அரிது, பெரும்பாலும் வேறொரு கோளாறுதான் அதைக் கெடுக்கிறது என்பதால், அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை இரண்டில் எதையும் செய்யாதீர்கள்.

தண்டையார்பேட்டையில் வசிக்கும் எனக்கு இது பட்டுத் தெரிந்தது. இதே குறியீட்டைப் பார்த்த ஒரு பட்டறையில் வேறு எதையும் சோதிக்காமல் கன்வெர்ட்டரை மாற்றினார்கள்; ஏழாவது மாதம் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. வியாசர்பாடியில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடேறியதும் விட்டுவிட்டு வேலை செய்வதைக் கண்டுபிடித்தார். அந்தச் சிலிண்டரில் எரியாமல் வெளியேறிய பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்ட தேனடை போன்ற பீங்கானையே உருக்கியிருந்தது. காயில் மாற்றும் செலவு கன்வெர்ட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பி0420 என்பது கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்திருப்பதாகப் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் மூலம் காரின் கணினி எடுத்த முடிவு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இந்தச் சென்சார்கள் இருக்கும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு சென்சார்களின் மின்னழுத்தத்தையும் ஸ்கேனரில் பாருங்கள். பழைய வகை முன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டர் நலமாக இருந்தால் பின் சென்சார் சுமார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் முன்னால் வேறு வகைச் சென்சார் இருப்பதால், அவற்றில் பின் சென்சாரின் அசைவை மட்டும் கவனித்தால் போதும்.

அப்போதும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், ஏனெனில் பின் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து அளவீட்டைக் கெடுத்துவிடும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றால் குழாய் இணைப்பின் போல்ட்டும் கேஸ்கெட்டும் சீக்கிரம் துருப்பிடிப்பதால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்பில் டிக்டிக் என்ற ஓசையோ கரிப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். சூடான பிறகு கை வைக்கவே கூடாது. அதன்பின் ஸ்பார்க் பிளக், காயில் இரண்டையும், என்ஜின் ஆயில் குறைகிறதா என்பதையும் பாருங்கள். ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். அந்தப் பாதிப்பைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் சரிசெய்யாது.

பிக்கப் குறைந்தது தனிக் கேள்வி. பூச்சு செத்தால் விளக்கு எரியும், ஆனால் இழுவை குறையாது. கன்வெர்ட்டரால் இழுவை குறைவது, பீங்கான் உருகியோ உடைந்தோ புகை போகும் வழியை அடைத்தால்தான். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டச் சொல்லுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு என்று கொள்ளலாம். குளிர்ந்த நிலையில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்திருக்கிறது. மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தேங்கிய நீருக்குள் சூடான வண்டியை இறக்கியிருந்தால் திடீர்க் குளிர்ச்சியில் பீங்கான் விரிசல் விடக்கூடும் என்பதால், அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

உள்ளிருப்பதை உடைத்து எடுப்பதை நான் மனமார எதிர்க்கிறேன். சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995இல். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தணிக்க நம் வண்டியில் முக்கியமாக இருப்பது அதுதான். மணலி ஆலைகளின் புகையையும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையையும் ஏற்கெனவே சுவாசிக்கும் பிள்ளைகளின் தெருவில் அதை அகற்றிவிட்டு ஓட்டுவது பெரிய தவறு. புகைச் சோதனையிலும் வண்டி தேறாமல் போகலாம், எச்சரிக்கை விளக்கும் அணையாது.

மூலக் கோளாறைச் சரிசெய்த பிறகும் பின் சென்சார் ஆடினால், கன்வெர்ட்டரை மாற்றுவது சரியான செலவு. உங்கள் காரின் மாடலுக்கும் அதன் பாரத் ஸ்டேஜ் என்ற புகை வரம்புத் தரத்துக்கும் உரியதையே கேளுங்கள். மிக மலிவானவற்றில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு குறைவாக இருந்து, குறியீடு விரைவில் திரும்ப வருவதுண்டு. மாட்டியதும் குறியீட்டை அழித்துவிட்டு, மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போல நெரிசலில்லாத பாதையில் ஒரே சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கன்வெர்ட்டரைக் காரின் கணினியே சோதிக்கும் கேட்டலிஸ்ட் சோதனை முடிந்ததாக ஸ்கேனரில் காட்டி, குறியீடும் வராமல் இருந்தால் மட்டும் பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.