காப்பகம் மலிவானால் தாய்மார்கள் வேலைக்குத் திரும்புவார்களா?

கேள்வி: குழந்தைக் காப்பகச் செலவை அரசு ஏற்றால் பெண்கள் வேலைக்குத் திரும்புவார்களா? அவர்கள் வாழ்க்கை உண்மையில் மேம்படுமா?

அதுவரை குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் காப்பகக் கட்டணத்தை நாளுக்கு 5 டாலராக்கத் தொடங்கியது. பேக்கர், க்ரூபர், மில்லிகன் மூவரின் ஆய்வுப்படி, இரு பெற்றோரும் உள்ள குடும்பங்களில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் விகிதம் 7.7 சதவீதப் புள்ளி கூடியது. நார்வேயிலோ 1975 சட்டத்துக்குப் பின் காப்பகங்கள் பெருகியும் தாய்மார்களின் வேலைவாய்ப்பு ஏறக்குறைய அசையவில்லை. உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் விடப்பட்டிருந்த பிள்ளைகள் காப்பகத்துக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

இதைவிட முக்கியம், செலவு யார் தலையில் விழுகிறது என்பது. சிலி நாட்டுச் சட்டப்படி 20 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் காப்பகச் செலவை ஏற்க வேண்டும். குழந்தை இல்லாத பெண்ணும் இந்த 20-ல் அடக்கம். 19 பெண்களை வைத்திருக்கும் முதலாளிக்கு இருபதாவது பெண் மட்டும் பெருஞ்செலவு. வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள், முன்பு தாங்களே கொடுத்ததைவிட 9 முதல் 20 சதவீதம் குறைவான தொடக்கச் சம்பளத்தில் பெண்களைச் சேர்த்தன. ஆக, சலுகைக்கு விலை கொடுத்தவர்கள் பெண்களே. இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், காப்பக வசதி தர வேண்டிய நிறுவனத்துக்கான வரம்பை ஆண், பெண் சேர்த்து 50 ஊழியர் என்று கணக்கெடுத்தது இந்த வகையில் மேல். ஆனாலும் பணம் முதலாளியுடையதுதான். பொது வரியிலிருந்து கொடுப்பதே சரி என்பேன்.

அடுத்தது நேரம். 4 மணி நேரக் காப்பகத்தில், கொண்டுவிட்டு அழைத்துவர ஒரு மணி போனால் மிச்சம் மூன்று. அதற்குள் அடங்கும் வேலை அரிது. மகப்பேறு விடுப்பு 6 மாதத்தில் முடிந்து, காப்பகம் 3 வயதில்தான் சேர்த்துக்கொள்கிறது என்றால் நடுவில் 30 மாதம். பலர் வேலையை விடுவது அங்கேதான். கட்டணத்தைக் குறைக்கும் முன் இந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

வாழ்க்கை மேம்படுமா என்பது வேறு கணக்கு. கியூபெக்கில் வேலை கூடியபோதே பெற்றோரின் உடல்நலமும் தம்பதியரின் உறவும் சரிந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. அலுவலகம் முடிந்து வந்தாலும் சமையலும் துணியும் அவளுக்கே காத்திருந்தால் இது நடக்கத்தான் செய்யும். காய்ச்சல் கண்ட குழந்தையைக் காப்பகம் சேர்க்காது. தந்தைக்கென்றே, மனைவிக்கு மாற்றித் தர முடியாத விடுப்பு சட்டத்தில் இல்லாவிட்டால், அந்த நாள் அம்மாவின் விடுப்புக் கணக்கில்தான் கழியும்.